எங்கள் தெருவில் பாட்டு ஓடிய வேகம்

…ஆகவே ஜப்பான்காரனை வைத்துக்கொள்வதில் கேள்வியே இல்லை, இந்த வீட்டைக் காலி செய்து அவனை விட்டுவிட்டுப் பெரம்பலூரில் மகள் வீட்டில் போய் உட்கார்ந்து நான் என்ன செய்யப் போகிறேன், ஆனால் அவன் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டால் மிச்சம் இருப்பது ஒரே ஓர் இடம், சத்யா தெளிவாகச் சொல்லிவிட்டாள், "அப்பா, எங்க வூட்டு ஷெல்ஃபுல ரெண்டு வைக்கலாம், ரெண்டுக்கு மேல ஒண்ணு வந்தாலும் அது என் தலை மேலதான் உக்காரணும்." பெற்ற மகள், ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறவள், அவளிடம் பேரம் செல்லாது. ரெண்டு. அரியலூரில் இந்த வீட்டைக் கட்டியதிலிருந்து இந்த அறையில் சேர்ந்து கிடக்கும் ரெக்கார்டு பிளேயர்கள் முப்பதுக்கு மேல் இருக்கும், எண்ணுவதை நிறுத்தி வருஷக்கணக்காகிறது, பீரோ மேல், கட்டிலுக்கு அடியில், ஜன்னல் திட்டில், கட்டில் மேலேயே இரண்டு படுத்திருக்கின்றன, நான் பாயில் படுத்துக்கொண்டு அவற்றைக் கட்டிலில் படுக்க வைத்தேன் என்று சொன்னால் யாராவது என்னை நல்ல புத்தி உள்ளவன் என்பார்களா… தமிழழகன் சாயங்காலம் வண்டி கொண்டுவருகிறான், பைபாஸ் ஓரத்தில் புது ஹோட்டல் திறக்கிறான், சுவர் நெடுகப் பலகை அடித்து இவற்றை வரிசையாக வைக்கப் போகிறானாம். "ஓடணும்னுகூட இல்லீங்க சார், பாக்க நல்லா இருந்தா போதும்." ஓடணும்னுகூட இல்லையாம். பரோட்டா வாசனையில் இவை சும்மா உட்கார்ந்திருக்கும், சாப்பிட வருகிறவன் போட்டோ எடுத்துக்கொள்வான். சரி, பழைய இரும்புக் கடைக்குப் போவதற்கு அது மேல், மேல்தானே?

ஜப்பான்காரனை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வாய் அடைத்துப் போகிறது. தட்டின் விளிம்பில் வரிசையாகப் புள்ளிகள், அவற்றை டியூப்லைட் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், டியூப்லைட் நம் கண்ணுக்குத் தெரியாமல் விநாடிக்கு நூறு தடவை மினுக்குகிறது, தட்டு சரியான வேகத்தில் சுற்றினால் ஒவ்வொரு மினுக்கலுக்கும் ஒரு புள்ளி முன்னால் போன புள்ளியின் இடத்துக்குச் சரியாக வந்துவிடும், அதனால் தட்டு ஓடிக்கொண்டே இருக்க, புள்ளிகள் மட்டும் அப்படியே நிற்கும். ஓடுவது நிற்கிறது! முதன்முதலாக அதைப் பார்த்த அன்று இலையில் போட்ட சோறு காய்ந்துபோனது. புது எல்.இ.டி. விளக்கில் இந்த வித்தை நடப்பதில்லை, அதற்காகவே இந்த அறையில் மட்டும் பழைய சோக்கு வைத்த டியூப்லைட்டை மாற்றாமல் விட்டிருக்கிறேன். இவனுக்குள் நகக்கண் அளவில் ஒரு கல் இருக்கிறது, குவார்ட்ஸ் கல், அது தன் பாட்டுக்கு அதிர்ந்துகொண்டே இருக்கிறது, அந்த அதிர்வை வைத்துத்தான் தட்டு வேகத்தைக் காக்கிறது, கரண்ட் ஏறட்டும், இறங்கட்டும், கல்லுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. சிமெண்ட் ஆலையில் எலக்ட்ரீஷியனாக இருந்து, சுண்ணாம்புக் கல்லை மலை மலையாகப் பொடியாக்கும் மோட்டார்களைப் பார்த்துக்கொண்டே ரிட்டயர் ஆனவன் நான், ஒரு கல் வேகத்தைக் காக்கும் என்பதை நம்ப எனக்கே ரொம்ப நாள் பிடித்தது. ரெக்கார்டும் அப்படித்தான், அதில் நூறு வரி இருப்பதாக எல்லோரும் நினைக்கிறார்கள், ஒரே வரிதான், விளிம்பில் தொடங்கி நடுவரைக்கும் சுற்றிச் சுற்றிப் போகிற ஒரே கோடு, அந்தக் கோட்டில் மிருதங்கமும் இருக்கிறது, வயலினும் இருக்கிறது, பாடுகிறவர் மூச்சு வாங்குவதும் இருக்கிறது… ஒரு முள் எப்படி அத்தனையையும் ஒரே நேரத்தில் பிரித்து எடுக்கிறது? படித்துப் பார்த்தேன், விளக்கம் புரிந்தது, வியப்பு மட்டும் குறையவில்லை.

ஆக முதல் இடம் அவனுக்கு. இரண்டாவது இடம் எனக்கானது இல்லை, சம்பூர்ணத்துக்கு. அதோ, கதவோரத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள் என் பெண்டாட்டி, வலது கை மடியில் கிடக்கிறது, இடது கை நாற்காலிக் கைப்பிடியில். பொங்கல் கழிந்த வாரம் பக்கவாதத்தில் விழுந்தவள், நடை ஓரளவு திரும்பிவிட்டது, பேச்சு திரும்பவில்லை. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது, சிரிக்கிறாள், முறைக்கிறாள், அழுகிறாள், ஒரு வார்த்தை வருவதில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஜோதி என்கிற பெண் சொன்னதைக் கேட்டுவிட்டு அன்று நான் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டேன். "ஐயா, மூளையில பேச்சு இருக்குற எடம் வேற, பாட்டு இருக்குற எடம் வேறங்க. தண்ணின்னு சொல்ல வராதவங்க முழுப் பாட்டு பாடுறத நானே பாத்திருக்கேன். அம்மாவுக்கு ரொம்பப் பழக்கமான பாட்டா போடுங்க. கூடச் சேந்து ஒரு வரி வந்துட்டாப் போதும், அதப் புடிச்சிகிட்டே மேல ஏறிடலாம்." பேச்சு ஓர் இடத்தில், பாட்டு ஓர் இடத்தில்! ஒரு தலைக்குள் இரண்டு அறை, ஒன்றில் விளக்கு அணைந்தாலும் இன்னொன்றில் எரியும் என்கிறாள். அன்றிலிருந்து போட்டுக்கொண்டே இருக்கிறேன். எங்கள் கல்யாணத்தன்று முதலில் வைத்த பாட்டு, அவளுக்கு அதைவிடப் பழக்கமானது எதுவும் இல்லை, கீறல் இல்லாத ரெக்கார்டாகத் தேடி வாங்கி, ஜப்பான்காரனில், புள்ளிகள் ஆணி அடித்ததுபோல நிற்கும்படி வைத்து… அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். வாய் திறக்கவில்லை. எனக்கு வேண்டியது ஒரு வார்த்தை. என்னைத் திட்டுகிற வார்த்தையாக இருந்தாலும் போதும், நன்றாக இருந்த காலத்தில் இந்த அறை வாசலில் நின்று கேட்பாளே, "எல்லாம் ஓடுது சரி, எது எங்க போய்ச் சேருது?" என்று, அதையே கேட்டாலும் போதும்.

அதனால் இன்றைக்கு ஒரு முடிவோடு இருக்கிறேன், தமிழழகன் வருவதற்குள் ஒவ்வொன்றிலும் அதே ரெக்கார்டைப் போட்டுப் பார்ப்பது, எதில் அவள் உதடு அசைகிறதோ அதற்கு இரண்டாவது இடம், மற்றதெல்லாம் ஹோட்டல் சுவருக்கு. இங்கிலீஷ்காரன் செய்த இந்தக் கறுப்பு மெஷின், தாழ்ந்த குரலைத் தரையோடு கொண்டுவரும்… அவள் பார்க்கவே இல்லை. ஜெர்மன்காரன், பாம்பே கப்பல் சாமான் கடையிலிருந்து ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது, பெற்ற பிள்ளையைக்கூட அப்படி யாரும் மடியில் வைத்துக் கொண்டுவந்ததில்லை என்று இவள்தான் அன்று கேலி செய்தாள்… இல்லை. மரச் சட்டத்துக்காரன், இல்லை. தேக்குமரப் பெட்டிக்காரன், அதிலும் இல்லை. பாட்டு ஒவ்வொரு தடவையும் அதே கம்பீரத்தோடு எழுந்து அறையை நிறைக்கிறது, எனக்கு ஒவ்வொரு தடவையும் முதுகுத்தண்டு சில்லென்கிறது, இவளுக்கு ஒன்றும் இல்லை. மெஷின்களுக்குள் எனக்குத் தெரிகிற வித்தியாசமெல்லாம் இவளுக்கு ஒரு பொருட்டே இல்லையோ. எல்லாம் சுத்தமான வேகம், ஒன்றில்கூடப் புள்ளி நகரவில்லை, இதற்கு மேல் நான் என்ன செய்ய… ரயில் போகிறது, ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது, முள்ளைத் தூக்கிவிட்டுக் காத்திருக்கிறேன், போனதும் மறுபடி வைக்கிறேன். அப்போதுதான் அந்த விரலைப் பார்த்தேன்.

நாற்காலிக் கைப்பிடியில் அவளுடைய இடது ஆள்காட்டி விரல் தட்டிக்கொண்டிருக்கிறது. தாளம்தான். ஆனால் பாட்டு முன்னால் போக, விரல் பின்தங்கிப் பின்தங்கி விழுகிறது, இரண்டு வரிக்குள் பாட்டை விட்டு எங்கோ விலகிப்போய், நின்று, முகத்தைச் சுளித்து, மறுபடி தொடங்கி, மறுபடி பின்தங்கி… நோய்தான், வேறென்ன, பாவம், கை சொன்னபடி கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துவிட்டு ரெக்கார்டை எடுக்கக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். பாட்டு நின்ற பிறகும் விரல் தட்டுகிறது. தடுமாறவில்லை. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடைவெளி கொஞ்சமும் மாறவில்லை. கை கேட்கவில்லை என்றால் கண்டபடி அல்லவா விழ வேண்டும்? மோட்டார்களோடு வாழ்ந்தவனுக்கு இது தெரியாதா, கெட்டுப்போன மோட்டார் திக்கும், விக்கும், ஒரு சுற்று வேகமாகவும் ஒரு சுற்று மெதுவாகவும் போகும். இது கெட்டுப்போன ஓட்டம் இல்லை. சீராக, மெதுவாக… வோல்டேஜ் குறைந்த ஓட்டம்.

வோல்டேஜ் குறைந்த ஓட்டம்… அட. எங்கள் தெரு. ஆண்டிமடம் தாண்டி, முந்திரிக் கொல்லைகளை ஒட்டி இருந்தது எங்கள் தெரு, நானும் இவளும் பிறந்தது அங்கேதான். ஊருக்குள் மைக்செட் வைத்திருந்தவர் எங்கள் தெரு விசேஷத்துக்கு வரமாட்டார், எந்தத் தேதியைச் சொன்னாலும் "அன்னிக்கு வேற எடத்துல சொல்லிட்டேனேப்பா" என்பார், எங்கள் தெருவில் கல்யாணம் என்றாலே அவருக்கு வேறிடத்தில் வேலை வந்துவிடும். கடைசியில் முந்திரி உடைக்கப் போய்க்கொண்டிருந்த செல்லக்கண்ணு மாமா விருத்தாசலம் போய், தெருவுக்கென்று சொந்தமாக ஒரு செட் வாங்கிவந்தார், பெட்டி மாதிரி மூடுகிற ரெக்கார்டு பிளேயரும் இரண்டு குழாயும். செட் வந்துவிட்டது, கரண்ட்? டிரான்ஸ்பார்மர் ஊருக்குள், கம்பி அந்தத் தெரு இந்தத் தெரு என்று எல்லாருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியில் எங்களுக்கு வரும். பொழுது சாய்ந்து ஊருக்குள் விளக்குப் போடப் போட எங்கள் பல்புகள் பழுத்துச் சிவக்கும், மோட்டார் இழுக்கமாட்டாமல் இழுக்கும், பாட்டு இறங்கும், பாடுகிறவர் குரல் தடித்துக் கனத்துப் போகும். இறங்கியது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? வேறு எங்கே கேட்டோம்? அதுதான் பாட்டு, அதுதான் அதன் வேகம். முந்திரி பொறுக்குகிற பெண்கள் அதே வேகத்தில் பாடிக்கொண்டு போவார்கள், தொட்டில் ஆட்டுவதும் அதே வேகத்தில். ஊரில் தின்று மீந்த கரண்ட்டில் எங்கள் தெரு பாட்டுக் கற்றுக்கொண்டது.

ஐ.டி.ஐ. படிக்க அரியலூர் வந்த முதல் வாரம் டீக்கடையில் அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு நான் பதறிப்போனேன், யாரோ துரத்துவதுபோல ஓடுகிறது பாட்டு. எழுந்துபோய்க் கடைக்காரரிடம், "அண்ணே, மெஷின் வேகமா ஓடுது, கொஞ்சம் பாருங்க" என்றேன். அவருக்கு விளங்கவில்லை, சரியான வேகம் எது என்று நானே பாடிக் காட்டினேன், டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், ஒருவர் கேட்டார், "ஏந் தம்பி, ஒங்க ஊர்ல பாட்டுக்குக்கூடக் காச்சலா?" அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து ஓடியிருக்கிறேன் சரியான வேகத்தைத் தேடி. இந்த அறையில் கிடப்பது எல்லாம் அதுதான். ஒவ்வொரு மெஷினையும் வாங்கி வந்ததும் முதலில் என்ன பார்த்தேன், புள்ளி நிற்கிறதா என்று பார்த்தேன், நகர்ந்தால் நகராத ஒன்றைத் தேடிப் போனேன். எனக்கு அவமானமாக இருந்தது, அதனால் நான் மாறிக்கொண்டேன். இவள் எதற்கு மாற வேண்டும்? அவளைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லையே. அப்படியானால் அந்த விரல்… அவள் பின்தங்கவில்லை. தெருவின் வேகத்தில் இருக்கிறாள். நான் போடுகிற பாட்டுதான் இத்தனை மாதமாக அவளை விட்டுவிட்டு ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரு சின்ன ஸ்க்ரூவைக் கழற்ற இவ்வளவு நேரமா. தமிழழகனுக்கென்று ஒதுக்கிய குவியலில் முதல் ஆளாக நான் தள்ளியது செல்லக்கண்ணு மாமா வைத்திருந்த அதே ஜாதிப் பெட்டி, உடையார்பாளையத்துப் பழைய சாமான் கடையில் கிடந்தது, சிவப்பு ரெக்ஸின் உரிந்து, தட்டு லேசாகக் கோணி, இதை ஏன் வாங்கினேன் என்று எனக்கே தெரியாது. இதற்குள் கல்லும் இல்லை, காவலும் இல்லை, கரண்ட் என்ன கொடுக்கிறதோ அதற்கு ஏற்ப ஓடும். ஆனால் இந்த வீட்டில் கரண்ட் குறையாதே, நானே கம்பி இழுத்து, நானே மீட்டர் வைத்துப் பார்க்கிற வீடு. மாடிப்படிக்கடியில் டிம்மர்ஸ்டாட் இருக்கிறது, கனத்த வட்டப் பெட்டி, தலையில் ஒரு குமிழ், திருப்பினால் வோல்டேஜ் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், மோட்டார்களைச் சோதிக்க வைத்திருந்தது. வேலை பார்த்த காலமெல்லாம் வோல்டேஜ் இறங்காமல் பார்த்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளம், இன்றைக்கு இறக்குவதற்கு அதைத் தூக்கிவந்து வைத்துக் குமிழைத் துடைக்கிறேன். மோட்டாருக்குப் போகிற வயரை மட்டும் பிரித்து அதில் கொடுத்தேன், சத்தத்துக்கான வயரை நேராகச் சுவரில். ரெக்கார்டை வைத்தேன். முள்ளை வைத்தேன். சரியான வேகத்தில் ஓடியது. குமிழைப் பிடித்து இறக்கினேன், இருநூற்று முப்பது, இருநூறு, வேகம் பார்க்க ரெக்கார்டின் நடுவில் செருகியிருந்த புள்ளி அட்டையில் புள்ளிகள் பின்னால் நகர ஆரம்பித்தன, நூற்று எண்பது, குரல் தடித்தது, இன்னும் கொஞ்சம்… ஆ. இதுதான். எங்கள் வீட்டு வாசலில் வாழைமரம் கட்டி, குழாய் வைத்து, நான் மாலையோடு நின்றபோது ஓடிய வேகம். எனக்குத் தெரிந்த அத்தனை சரிகளுக்கும் இது தப்பு, ஆனால் என் உடம்பு இதை உடனே ஒத்துக்கொண்டது.

அவள் திரும்பினாள். ஜன்னலை விட்டு, சுவரை விட்டு, மெஷினைப் பார்த்தாள். விரல் விழுகிறது, பாட்டும் விழுகிறது, கிட்டத்தட்ட ஒரே இடத்தில். உதடு பிரிந்தது. முதலில் மூச்சுதான் வந்தது, அப்புறம் தொண்டைக்குள் ஓர் இழுவை, அப்புறம்… வார்த்தை. பாட்டின் வார்த்தை. சொல்லே இல்லாமல் பூட்டிக் கிடந்த வாயிலிருந்து முழுசாக ஒரு வரி, பிறகு அடுத்த வரி, ஓர் எழுத்தும் குழறாமல், பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் மூச்சு வாங்கி… கடவுளே, இது எங்கே இருந்தது இத்தனை நாளும்? ஒரே கோட்டில் எல்லாம் இருக்கிறது என்று ரெக்கார்டைப் பார்த்து வாய் பிளந்தேனே, இவளுக்குள் எத்தனை சுற்று இருக்கிறது, எந்த முள் அதைத் தொட்டது, டிம்மர்ஸ்டாட்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன், அழுகிறேன், அதைச் சொல்வதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. சத்யாவுக்குப் போன் போட வேண்டும், ஜோதிக்குச் சொல்ல வேண்டும், எழுந்தால் இது கலைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

வெளியே வண்டி வந்து நிற்கிறது, ஹாரன். தமிழழகன் வாசலிலிருந்தே, "சார், எதெது எடுத்துக்கணும்னு சொன்னீங்கன்னா பசங்க ஏத்திருவாங்க" என்கிறான். "கொஞ்சம் இருங்க தம்பி" என்கிறேன். அவள் பாட்டை நிறுத்திவிட்டாள். புருவம் சுருங்குகிறது, குழம்பில் உப்புக் கூடினால் சுருங்குகிற அதே மாதிரி. இடது கையைத் தூக்கி, உள்ளங்கையைக் கவிழ்த்து, காற்றை அழுத்துவதுபோலக் கீழே இறக்குகிறாள். நான் புரியாமல் பார்க்கிறேன். வாயைக் கோணி, எச்சில் விழுங்கி, பாட்டில் இல்லாத ஒரு சொல்லை அவளாகத் தேடி எடுத்துச் சொல்கிறாள். "இன்னும்." பிறகு, என்னைப் பார்த்து, "மெ…துவா."

பேசிவிட்டாள். ஏழு மாதத்துக்குப் பிறகு முதல் வார்த்தை, அதுவும் என்னைத் திருத்துகிற வார்த்தை. இன்னும் மெதுவாகவா? இதைவிடவா? கல்யாணத்தன்று ஓடிய வேகம் இதுதானே, எனக்கு நிச்சயமாகத் தெரியுமே… எங்கள் வீட்டு வாசலில். எங்கள் வீடு தெருவின் நடுவில். அவள் வீடு கடைசி, கடைசிக் கம்பம், அதற்கப்புறம் கம்பியே கிடையாது, கொல்லைதான், எங்களுக்கும் போக மீந்த கரண்ட்தான் அங்கே போகும். அவளுக்குச் சடங்கு சுற்றியபோது செட்டை அவள் வீட்டு வாசலில் வைத்திருப்பார்கள், இதே பாட்டைத்தான் முதலில் போட்டிருப்பார்கள், அப்போது நான் அரியலூரில் ஐ.டி.ஐ.யில் இருந்தேன், போகவில்லை. அன்று அங்கே பாட்டு எவ்வளவு இறங்கி ஓடியது? தெருவுக்கு ஒரே வேகம் என்றல்லவா நினைத்திருந்தேன், கூடவே குடும்பம் நடத்திக்கொண்டு, இத்தனை வருஷமும். குமிழைப் பிடித்து ஒரு மயிரிழை திருப்புகிறேன், மோட்டார் முனகுகிறது, இதற்குக் கீழே போனால் நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது, அன்றைக்கு நிற்காமல் ஓடியிருக்கிறதே, எந்த அளவில் ஓடியிருக்கும், அதை இனி எந்தப் புள்ளியும் சொல்லாது. நான் அட்டையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவள் கையைப் பார்க்கிறேன். அது இன்னும் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது.